உப்பளம் குழுவில் இடம் காலி செய்தவர்கள்

கேசவன் மாற்றலாகி இந்தூருக்குப் போன பத்தாம் நாள், சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, சதுரங்கப்பட்டினம் ஐஸ் பாக்டரியில் அவனுடைய பேஸ் கிட்டார் வழக்கம்போல வாசிக்கத் தொடங்கியது. கிட்டார் அங்கே இல்லை. அதை அவன் ஜமுக்காளத்தில் சுற்றி ரயிலில் கூடவே எடுத்துப் போயிருந்தான். 1992, ஆகஸ்ட் மாதம். அன்று காலை கடற்கரை ஏலத்தில் வஞ்சிரம் விலை ஏறியிருந்தது, மதியம் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை, நாலு மணிக்குக் காற்று தெற்கிலிருந்து திரும்பியது. முனிசாமி டிரம் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி நாலு எண்ணினான். ஐந்தாவது தட்டில், மூன்றாம் ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில் கேசவன் எப்போதும் நிற்கிற இடத்திலிருந்து, தரைக்கு அடியில் யாரோ பீப்பாய் உருட்டுகிறாற்போல அந்தச் சத்தம் கிளம்பியது. குழுவினர் பாட்டை நிறுத்தினார்கள், அதுவும் நின்றது. மறுபடி தொடங்கினார்கள், அதுவும் தொடங்கியது. லக்ஷ்மிநாராயணன் ஒயரையெல்லாம் பிடுங்கிப் பார்த்தார், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முனிசாமிதான் முதலில் சமாதானமானான். கேசவன் சார் ஆளுதான் போயிருக்கிறார், வாசிப்பு போகவில்லை, தாளம் தப்பாமல் இருக்கிறவரை நமக்கென்ன என்றான். அது நியாயமாகவே பட்டதால் அன்று நாலு பாட்டு வாசித்துவிட்டு ஆறு மணிக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

உப்பளம் என்ற அந்தக் குழு அப்போது இரண்டு வயதுக் குழந்தை. அதைத் தொடங்கிய தீனதயாளன் பொன்விளைந்த களத்தூர்க்காரன். நெல் விளையும் வீட்டில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தவன். விஞ்ஞானியான கேசவனின் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் ஆனபோது அதைச் சரி பார்க்கக் குவார்ட்டர்ஸுக்குப் போனான். சரி செய்து முடித்ததும் பாடுகிறதா என்று பார்க்க உள்ளே கிடந்த கேசட்டைச் சுழல விட்டான். யாரோ ஒரு கிழவர், எங்கோ ஒரு பருத்திக் காட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றே ஸ்வரங்களில் அழுதுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அடகு வைத்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்ற தன் சித்தப்பா முகம் தீனதயாளனுக்கு ஞாபகம் வந்தது. இது இன்னா பாட்டு சார் என்று கேட்டான். புளூஸ் என்றான் கேசவன். அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் ஊருக்குப் போகும் அவசரத்தில் விற்ற கிட்டாரோடு தீனதயாளன் வந்து நின்றான். கல்யாண ஊர்வலங்களில் டிரம் அடித்த முனிசாமியைப் பிடித்தார்கள். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவில் கிளார்க்காக இருந்த லக்ஷ்மிநாராயணன் தாளக் கிட்டாருக்குத் தாமாகவே வந்தார். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வசுமதி, அவர்கள் நூலக ஆண்டு விழாவில் பாடியதைக் கேட்டுவிட்டு, வாசிப்பது சரி, பாடுவதுதான் சகிக்கவில்லை என்று சொல்லித் தானே பாட வந்தாள். மீன்காரர் சின்னராசு, ஓடாமல் கிடந்த தம்முடைய ஐஸ் பாக்டரியைச் சனிக்கிழமை சனிக்கிழமை திறந்துவிட்டார். உள்ளே நிரந்தரமாக ஒரு குளிர் இருந்தது. மெஷின் நின்று நாலு வருஷமாகியும் அது போகவில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

கேசவனின் சத்தம் அவர்களோடு வெளியூருக்கும் வந்தது. மாமல்லபுரத்து மொட்டைமாடி ஓட்டல்களில், செங்கல்பட்டுக் கல்லூரி விழாவில், தீனதயாளன் எங்கே நின்றாலும் அவனுக்கு வலது பக்கம் ஆறடி தள்ளி அது நின்றது. அந்த இடத்தில் ஒரு காலி நாற்காலி போட்டு வைப்பார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாற்காலிக்கு அடியில் படுத்துத் தேடிவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து கைதட்டினார். சிக்கல் வந்தது சம்பத்தால்தான். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்த அவன் உண்மையிலேயே நன்றாக பேஸ் வாசிப்பவன். ஆனால் அந்த இடத்தில் அவன் நின்றபோது இரண்டு சத்தமும் ஒரே செருப்புக்குள் இரண்டு கால் நுழைவதைப்போல முட்டிக்கொண்டன. முதல் வாரம் கம்பி அறுந்தது. இரண்டாம் வாரம் அவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. மூன்றாம் வாரம் லக்ஷ்மிநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இது தமக்கு நன்றாகத் தெரிந்த வியாதி என்றார். மாற்றலாகிப் போனவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுக்கவில்லை. பழைய ஆள் காலி செய்யாமல் புது ஆளுக்குச் சாவி கொடுத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

அன்றே அவர் கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினார். "பொருள்: தாங்கள் வகித்துவரும் இடத்தைக் காலி செய்தல், தொடர்பாக. தாங்கள் விடுவிக்கப்பட்ட பின்னும் பேஸ் கிட்டாருக்கு ஒதுக்கப்பட்ட இடம் இன்றுவரை தங்கள் வசமே இருந்து வருகிறது. மேற்படி இடம் திரு. சம்பத் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டபடியால், தங்கள் சம்மதத்தைக் கையொப்பமிட்டு அனுப்பி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." குழுத் தலைவர் என்ற முறையில் தீனதயாளன் கையெழுத்துப் போட்டான். ஒரு பிரதி இந்தூருக்கு, ஒன்று ஃபைலுக்கு, ஒன்று எதற்கென்று லக்ஷ்மிநாராயணனுக்கே தெரியாது. மூன்று என்பது முறை. கடிதம் போன இரண்டாவது சனிக்கிழமை சம்பத் கம்பியைத் தொட்டபோது அவன் சத்தம் மட்டும்தான் கேட்டது. திங்கட்கிழமை கேசவனின் பதில் வந்தது. சம்மதம் என்று ஒரு வார்த்தை, கையெழுத்து, தேதி.

அதே உறைக்குள் தீனதயாளனுக்கென்று தனியாக மடித்த தாள் ஒன்றும் இருந்தது. இந்தூருக்கு வந்ததிலிருந்து தன் கிட்டார் வாய் திறக்கவில்லை என்று கேசவன் எழுதியிருந்தான். புதுக் கம்பி மாற்றியாயிற்று, புது ஆம்பிளிஃபயர் வாங்கியாயிற்று, விரலை வைத்தால் துணிக்கொடியைச் சுண்டினதுபோல இருக்கிறது. இனி வாசிப்பு அவ்வளவுதான் என்று அழுதுகூட விட்டேன். வியாழக்கிழமை மாலை உங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன், அடுத்த நிமிஷம் கிட்டார் பேசியது. அங்கே நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது என்னுடைய நகல் இல்லை தீனா, என்னுடையதேதான். மற்றவர்களுக்குச் சொல்லாதே, சிரிப்பார்கள். இப்படி முடித்திருந்தான். தீனதயாளன் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், டேப் ரெக்கார்டர் சர்க்யூட் படங்கள் வைத்திருந்த பெட்டியில் வைத்தான். ஒரு நண்பன் சொல்லாதே என்றதைச் சொல்லாமல் இருந்தான். அப்போது அதில் ஒரு தப்பும் இல்லை.

அதற்குப் பின் ஆட்கள் வருவதும் போவதும் உப்பளத்தில் சாதாரணமாகிவிட்டது. டவுன்ஷிப் வாழ்க்கையே அப்படித்தான், பாதிப் பேர் மாற்றலில் இருப்பார்கள், மீதிப் பேர் மாற்றலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதிமூன்று வருஷத்தில் பத்தொன்பது பேர் அந்தக் குழுவில் வாசித்தார்கள். எல்லார் பெயரையும் இங்கே எழுதினால் வாக்காளர் பட்டியலாகிவிடும். முனிசாமி 1994இல் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். ஐந்து மாதம் அவன் டிரம் ஆளில்லாமல் அடித்தது, அதிலும் பாதிப் பாட்டில் நின்று பீடி பற்றவைக்கும் இடைவெளி அப்படியே இருந்தது. புது டிரம்மர் வந்ததும் கடிதம் போயிற்று, ஓகே அண்ணாத்த என்று கொட்டை எழுத்தில் பதில் வந்தது. சம்பத் போனான், ரோஹித் வந்தான். மவுத் ஆர்கன் வாசித்த ஒருவர் பெங்களூருக்கு, கீபோர்டுக்காரர் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் கடைக்கு. ஒவ்வொரு முறையும் மூன்று பிரதி, ஒரு சம்மதம். லக்ஷ்மிநாராயணனின் ஃபைல் தடித்தது. குழுவில் யாருக்கும் அது அதிசயமாகத் தோன்றவில்லை. பென்ஷன் எப்படி வருகிறது என்பதைவிட இது அவர்களுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

வசுமதி போனது 1996 பிப்ரவரியில். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் செங்கல்பட்டில் நடந்தது, உப்பளம்தான் ரிசப்ஷனுக்கு வாசித்தது, மணப்பெண்ணே மேடையேறி இரண்டு பாட்டுப் பாடினாள், மாப்பிள்ளை வீட்டார் வாயடைத்துப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் விமானத்தில் இருந்தாள். அவள் குரல் ஐஸ் பாக்டரியில், தீனதயாளனுக்கு இடது பக்கம் இரண்டடியில், அவள் எப்போதும் நின்ற இடத்தில் நின்று பாடியது. கொஞ்சம் கரகரத்த, ஜலதோஷம் பிடித்து விட்டதோ என்று முதலில் நினைக்க வைத்து, பிறகு ஆளை நகரவிடாத குரல். மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். தீனதயாளன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஊர் உடனே கதை கட்டியது. காதல் என்றது. ஊருக்கு வேறென்ன தெரியும்! காதலாக இருந்திருந்தால் தீனதயாளனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், ஆறு மாதத்தில் ஆறியிருக்கும். அவனுக்கு மனைவி பிரபா இருந்தாள், அவள்மேல் அவனுக்குக் குறையில்லாத பிரியமும் இருந்தது. இது வேறு. அவன் தன் வாசிப்பை நன்றாக அறிந்தவன். விரல் சுத்தம், ஸ்ருதி சுத்தம், ஆனால் தனியாக வாசித்தால் ரிப்பேர் செய்து கொடுத்த சாமானைப்போல, குறையில்லாமல், உயிரில்லாமல் இருக்கும். வசுமதி பக்கத்தில் நின்று பாடும்போது மட்டும் அதே விரல்களிலிருந்து களத்தூர் வரப்பும், சித்தப்பாவின் மௌனமும், சொல்லாமல் விட்ட எல்லாமும் வந்தன. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று ஊர் சொல்கிறது. பூவை எடுத்துவிட்டால் நார் என்ன ஆகும் என்பதை நாரைக் கேட்டால்தான் தெரியும்.

1998இல் வைஷாலி என்று ஒரு பெண் பாட வந்தாள். லக்ஷ்மிநாராயணன் வழக்கம்போல மூன்று பிரதி எழுதி நீட்டினார். தீனதயாளன் கையெழுத்துப் போட்டான், விமானத் தபால் நானே போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டான். அந்தக் கடிதம் செங்கல்பட்டுத் தபால் ஆபீஸ் வாசல்வரை போனது. அங்கே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேசவனின் துணிக்கொடி ஞாபகம் வந்தது. அங்கே அந்தப் பெண் எப்படி இருக்கிறாளோ என்று நினைத்தான். நினைத்துவிட்டுத்தான் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினான். சர்க்யூட் படங்களின் பெட்டிக்குள் அதுவும் போயிற்று. வைஷாலி மூன்றே வாரத்தில் தொண்டை கட்டி, கஷாயமாகக் குடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் சார் என்று போய்விட்டாள். அடுத்து வந்த இரண்டு பேருக்கும் அதுவேதான். நினைவூட்டல் கடிதம் ஒன்று, நினைவூட்டல் கடிதம் இரண்டு. எல்லாம் பெட்டிக்குள். பதில் வராத அலாட்மென்ட் பழைய ஆள் பேரிலேயே தொடரும், விதி அதுதான் என்று லக்ஷ்மிநாராயணன் ஃபைலில் குறித்து வைத்தார். தீனதயாளன் பொய் பேசத் தெரியாதவன் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவனும் அதுவரை அப்படித்தான் நம்பியிருந்தான்.

சொல்லத்தான் வேண்டும், அவைதான் உப்பளத்தின் பொற்காலம். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் அப்போதுதான் சென்னை ஆகியிருந்தது, அங்கிருந்து இளசுகள் மோட்டார் சைக்கிளில் மாமல்லபுரம் வந்து மொட்டைமாடியில் பழைய சோபாக்களில் உட்கார்ந்து, இல்லாத பாடகியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். காலி நாற்காலிக்கு முன்னால் சிலர் மல்லிகைச் சரம் வைத்தார்கள். கடற்காற்றில் ஆம்பிளிஃபயர் துருப்பிடிக்கும், ஓட்டல்காரர் பஜ்ஜி அனுப்புவார், சூரியன் பின்னால் கற்சிலை செதுக்கும் பட்டறைகள் பக்கம் இறங்கும், உளிச்சத்தம் ஒவ்வொன்றாக ஓயும், வசுமதி பாடுவாள். அன்று அங்கே இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் யாரையாவது பார்த்தால் கேளுங்கள், முதலில் ஒரு பெருமூச்சு வரும், அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். அந்த ஏழு வருஷமும் தீனதயாளன் வாசித்த வாசிப்பைப் பிறகு அவனே வாசிக்கவில்லை.

2003 ஜூனில் அனு வந்தாள். கூடுவாஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பஸ் மாறி மாறி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். பாடிக் காட்டச் சொன்னபோது தாழ்ந்த, அவசரப்படாத குரலில் நாலு வரி பாடினாள். டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். இவளும் போய்விட்டால் நான் இனிமேல் வரமாட்டேன் அண்ணே, பேய்க்குத் தாளம் போட்டது போதும் என்று ரோஹித் தீனதயாளனிடம் தனியாகச் சொன்னான். மற்றவர்களும் அதே மனநிலையில்தான் இருந்தார்கள். குழு கலைந்துவிடும் என்பது தீனதயாளனுக்குப் புரிந்தது. ஆனால் அனு மற்றப் பெண்களைப்போல அந்தக் குரலோடு போட்டி போடவில்லை. இரண்டு சனிக்கிழமை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது சனிக்கிழமை முடிவில், ஏழு வருஷமாக அங்கே யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"இவங்க அங்க பாடறாங்களா சார்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்த ஒருவன் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். லக்ஷ்மிநாராயணன் ஃபைலைப் புரட்டி, மூன்று தடவை கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை என்றார். அப்படியானால் விலாசம் கொடுங்கள், நான் மெயிலில் கேட்கிறேன், இப்போதெல்லாம் ஆளைப் பிடிப்பது பெரிய காரியமில்லை என்றாள் அனு. தீனதயாளன் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னான். குரல் அடைத்திருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று லக்ஷ்மிநாராயணன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தீனதயாளன் பெட்டியைத் திறந்து எல்லாக் கடிதங்களையும் எடுத்துப் பிரபாவின் முன்னால் வைத்தான். கேசவனின் தாளை முதலில் கொடுத்தான், பிறகு அனுப்பாத மூன்றையும். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, வரிசையாகப் படித்தாள். ஏழு வருஷம் ஊர் சொன்னதை நம்பாமல் இருந்தவள். இப்போது அவளுக்கு வந்த கோபம் மனைவியின் கோபம் இல்லை.

"அந்தப் பொண்ணு தொண்டைய எடுத்து வச்சிகினு ஏழு வருஷமா உனுக்கு எப்டிய்யா சோறு எறங்கிச்சி?" என்றாள். பிறகு மீனிடம் திரும்பிப் போய்விட்டாள். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவன் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனான். வசுமதியின் அண்ணன் வீட்டில் மெயில் விலாசம் வாங்கிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் அவன் அனுப்பிய முதல் மெயில் அது. தமிழை ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி, ஒன்றேகால் மணி நேரத்தில் பத்து வரி எழுதினான். அலுவலக நடை இல்லை, பொருள் இல்லை, தொடர்பாக இல்லை. உன் குரல் இங்கே இருக்கிறது. நீ போன நாளிலிருந்து இருக்கிறது. இங்கே இருக்கிறவரை அங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. கடிதம் போட்டதாகச் சொன்னேன், போடவில்லை. சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் இருப்போம். கீழே ஐஸ் பாக்டரி போன் நம்பரைப் போட்டான். மன்னிக்கச் சொல்லி எழுதி, அதை அழித்தான். கேட்க உரிமையில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை சரியாக ஐந்து மணிக்கு, கணக்கு எழுதும் அறைக் கதவோரம் இருந்த கறுப்பு டெலிபோன் அடித்தது. அங்கே அது காலை ஏழரை. தீனதயாளன் எடுத்தான். எல்லாரும் வாசிப்பை நிறுத்தியிருந்தார்கள், கூடத்தின் அமைதியில் அந்தப் பக்கத்துப் பேச்சு எல்லாருக்கும் கேட்டது. வசுமதி சுகம் விசாரிக்கவில்லை. அவள் பேச்சுக் குரல் தட்டையாக இருந்தது, ரயில்வே அறிவிப்பைப்போல. மகளுக்கு ஆறு வயது, ஒரு தாலாட்டுக்கூடப் பாடியதில்லை என்றாள். வாயைத் திறந்தால் காற்று வரும். இரண்டு டாக்டர்கள் பார்த்து, தொண்டையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குளிர் என்றார்கள், பிள்ளை பெற்ற உடம்பு என்றார்கள். கடைசியில் அவளே முடிவு கட்டிவிட்டாள், தான் எப்போதுமே பாடினதில்லை, ஐஸ் பாக்டரியும் மொட்டைமாடியும் ஏதோ சின்ன வயதுக் கற்பனை என்று.

"நான் பைத்தியமோன்னு நெனச்சுக்கிட்டேன் தீனா. உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"தெரியும். தெரிஞ்சேதான் வச்சிகினு இருந்தேன்."

"ஏன்?"

அவன் கூடத்தில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தான். லக்ஷ்மிநாராயணன் ஃபைலை மூடிவிட்டார்.

"நீ பூட்டா என் கிட்டாரு வெறும் கிட்டாரா ஆயிடும்னு பயம். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

அங்கே பாத்திரம் ஒன்றை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வசுமதி, அது என்ன பாடுகிறது என்று தனக்குக் கேட்க வேண்டும் என்றாள். சம்மதம் அப்புறம், முதலில் கேட்க வேண்டும். டெலிபோன் வயர் தொட்டிவரை எட்டாது. அதனால் தீனதயாளன் கிட்டாரை மாட்டிக்கொண்டு கதவோரம் வந்து நின்றான், அவனுக்கு இரண்டடி இடது பக்கம் அந்த இடமும் கூடவே நகர்ந்து வந்தது. அனு ரிசீவரை வாங்கி, அங்கே ஒரு ஆள் நின்றால் வாய் இருக்கும் உயரத்தில் பிடித்துக்கொண்டாள். டிரம்மர் நாலு எண்ணினான். வசுமதி தானே எழுதிய பாட்டைத்தான் வாசித்தார்கள். புளூஸில் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வார்கள், மூன்றாவதாக அதற்குப் பதில் சொல்வார்கள், அது அந்தப் பாட்டின் இலக்கணம்.

பாலாத்துல தண்ணி வந்தா ஒரு வார்த்தை சொல்லியனுப்பு என்று இருபத்தைந்து வயது வசுமதி கூடத்தில் பாடினாள். ஏழு வருஷமாக நூற்றுக்கணக்கான தடவை கேட்டவர்கள்தான், ஆனாலும் எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது. பாலாத்துல தண்ணி வந்தா ஒரு வார்த்தை சொல்லியனுப்பு என்று இரண்டாவது தடவையும் பாடினாள். ரிசீவருக்குள் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. "நல்லாத்தான் பாடியிருக்கேன்," என்றாள் முப்பத்திரண்டு வயது வசுமதி, யாரிடமோ போல. "சரி. விடுங்க."

வண்டி கெடைக்கலைன்னாலும் நடந்தாவது வந்துடறேன் என்ற மூன்றாவது வரி ரிசீவரிலிருந்து வந்தது. தாளம் தப்பவில்லை. முதலில் உடைந்து, நடுவில் தடுமாறி, நடந்தாவது என்ற இடத்தில் பிடித்துக்கொண்டு ஏறியது. குழு வாசித்துக்கொண்டே இருந்தது, அவள் அங்கே அடுப்படியில் நின்று பாட்டை முழுதாகப் பாடி முடித்தாள். அதுவரை அனு ரிசீவரை இறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தோடு ஒரு சின்னக் குரல், அம்மா, யாரு பாடறது என்று கேட்டது. நான்தான்டி என்றாள் வசுமதி. அந்தக் குழந்தை நம்பவில்லை, இன்னொரு தடவை பாடச் சொன்னது. அவள் டெலிபோனை வைக்காமலே கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். தூரத்தில் பாட்டுக் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது.

லக்ஷ்மிநாராயணன் ஃபைலைத் திறந்து, வாய்மொழிச் சம்மதம், மாலை 5.25 என்று எழுதித் தேதி போட்டார். தீனதயாளனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று மாதம் நேராகப் பார்த்துப் பேசவும் இல்லை. அனு ரிசீவரை வைத்துவிட்டு வந்து, காலியாகிவிட்ட இடத்தில் ஏறி நின்றாள். அவளை எதுவும் தள்ளவில்லை. அடுத்த பாட்டை அவள் பாட, தீனதயாளன் வாசித்தான். அவன் பயந்தபடியேதான் ஆயிற்று, அவனுடையது அன்றிலிருந்து வெறும் கிட்டார்தான், விரல் சுத்தம், ஸ்ருதி சுத்தம். அதைக் கேட்டு யாரும் எழுந்து போய்விடவில்லை.